மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து: புது வண்டி நம்பரும் இன்சூரன்சும் வந்த கதை

மஞ்சள் வித்த காசு கைக்கு வந்ததும் நம்ம பக்கம் புது வண்டி எடுக்கிறது வழக்கமாயிடுச்சுங்க. முன்னெல்லாம் ஊருக்கு ஒரு கார். இப்போ தோட்டத்துக்கு ஒண்ணு நிக்குது. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பண்ணாரிக்குக் கொண்டுபோய் மாலை போட்டுட்டு வந்ததும் பேச்சு ரெண்டு விஷயத்துல வந்து நிக்கும். "நம்பர் எப்ப வருது?" "இன்சூரன்சுக்கு எவ்வளவு போட்டுட்டான்?" ரெண்டையும் தண்டச் செலவாட்டம்தான் பேசுவாங்க.

இந்த ரெண்டும் எப்ப, எதுக்காக வந்துச்சுன்னு கொஞ்ச நாளா படிச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்: நம்பர் பலகையும் கட்டாய இன்சூரன்சும் வண்டிக்காரனுக்காகப் பிறந்ததே இல்லை. ரோட்டு ஓரமா நடந்து போறவனுக்காகப் பிறந்தது. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணும் அவனுக்கு உதவாது. டெம்பரவரி நம்பர், கவர் நோட்டு எல்லாம் அந்த ரெண்டுக்கும் நடுவுல விழுந்த ஓட்டையை அடைக்க வந்த ஏற்பாடு. அந்த ஓட்டை அடைபட நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.

வில்லை வேற, நம்பர் வேற

நம்மூர்ல வண்டிக்குத் தகடு வந்தது காரால இல்லை. சைக்கிளுக்குப் பஞ்சாயத்துல வில்லை வாங்கினது அறுபது வயசு தாண்டினவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். வருசத்துக்கு ஒரு தடவை காசு கட்டினா சின்னத் தகரத் துண்டு ஒண்ணு கொடுப்பாங்க. அதைச் சைக்கிள்ல மாட்டிக்கணும். மாட்டு வண்டிக்கும் அப்படித்தான் வரி இருந்தது. வில்லை இல்லாத சைக்கிளைப் பிடிச்சா காத்தைப் பிடுங்கி விடுறதும், சாவடியில நிறுத்தி வைக்கிறதும் நடந்திருக்கு.

ஆனா அந்த வில்லை வரி கட்டினதுக்கு ரசீது, அவ்வளவுதான். இந்தச் சைக்கிள் இன்னாருதுன்னு தூரத்துல இருந்து பார்த்துச் சொல்ல அது உதவாது. தேவையும் இல்லை. சைக்கிள்ல வந்து இடிச்சவன் யாருன்னு ஊருக்கே தெரியும். மாட்டு வண்டியை, மாட்டை வெச்சே சொல்லிடுவாங்க. இடிச்சவன் நின்னு பதில் சொல்லாம ஓடிப் போறதுங்கிறது அந்த வேகத்துல நடக்காத காரியம். அந்தப் பழக்கத்தை மாத்தினது மோட்டார்.

தூசி கிளப்பிட்டுப் போனவன் யாரு?

1893 ஆகஸ்ட் 14-ந் தேதி பாரிஸ் நகரப் போலீஸ் ஒரு உத்தரவு போட்டுச்சு. மோட்டார் வண்டி ஒவ்வொண்ணும் உரிமையாளர் பேரும் விலாசமும் எண்ணும் எழுதின தகட்டோடதான் ஓடணும். உலகத்துல கார் நம்பர் பலகைக்கு அதைத்தான் ஆரம்பமாச் சொல்றாங்க.

இங்கிலாந்துல 1903-ல மோட்டார் கார் சட்டம் வந்துச்சு. 1904 ஜனவரி 1-ல இருந்து எல்லாக் காருக்கும் எண் கட்டாயம். அந்தச் சட்டத்துல ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்குதுங்க. அதுவரைக்கும் மணிக்கு 14 மைல் இருந்த வேக வரம்பை 20 மைலா ஏத்திக் கொடுத்தாங்க. பதிலுக்கு, எண் எழுதி மாட்டுன்னாங்க. வேகமாப் போகணுமா, போ. ஆனா நீ யாருன்னு தெரியணும். லண்டன்ல 'ஏ 1' எண்ணை வாங்கினவர் ரஸ்ஸல் பிரபு, தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோட அண்ணன். அன்னைக்குக் கார் வெச்சிருந்த பெரிய மனுசங்களுக்கு இந்த எண் எழுதுறது பிடிக்கவே இல்லை. வாடகை வண்டிக்குத்தான் நம்பர், எங்களுக்கு எதுக்குங்கிற நினைப்பு. இன்னைக்கு அதே பெரிய மனுசங்க ஃபேன்சி நம்பருக்கு லட்சக் கணக்குல கட்டறாங்க, அது வேற கதை.

நம்ம நாட்டுல மொத்த இந்தியாவுக்குமா ஒரே மோட்டார் சட்டம் வந்தது 1914-ல. சென்னையில எம்.சி.1 எண் வாங்கின கார் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கோடது. சென்னைத் துறைமுகத்தைக் கட்டி எழுப்பினதுல பெரிய பங்கு அவருக்கு உண்டு. கொங்குப் பக்கம் மோட்டாரை ஜனங்க நெருங்கிப் பார்த்தது பெரும்பாலும் பஸ்ஸாத்தான். 1920-ல ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டார். கார்ங்கிறது அப்பவெல்லாம் கலெக்டருக்கும் ஜமீனுக்கும் மில் முதலாளிக்கும்தான். மண் ரோட்டுல தூசியைக் கிளப்பிக்கிட்டுப் போகும். ஆடோ கோழியோ அடிபட்டா யாருகிட்டப் போய்க் கேக்கறது? பின்னாடி இருக்கிற எழுத்தைப் படிச்சு வெச்சிருந்தாத்தான் உண்டு.

ஒரு மாசத்து நம்பர்

அடுத்த பெரிய சட்டம் 1939-ல வந்த மோட்டார் வாகனச் சட்டம். அம்பது வருசம் அதுதான் ஓடுச்சு. 1988-ல புதுச் சட்டம் போட்டு, 1989 ஜூலை 1-ல இருந்து அமலுக்குக் கொண்டு வந்தாங்க. டிஎன் 33 ஈரோடு, டிஎன் 36 கோபின்னு இன்னைக்கு நாம பார்க்கிற வரிசையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

டெம்பரவரி நம்பர், அதாவது தற்காலிகப் பதிவு, 1939 சட்டத்துலயே இருக்கு. ஒரு மாசத்துக்கு மேல செல்லாதுன்னு போட்டிருந்தாங்க. 1988 சட்டத்துல அது 43-வது பிரிவா வந்துச்சு. அதுக்கு எதுக்குத் தேவை வந்துச்சுன்னு யோசிச்சா அன்னைக்கு இருந்த நிலைமை புரியும்.

வண்டி எந்த ஊர்ல வழக்கமா நிக்குதோ, இல்லை உரிமையாளர் எங்க குடியிருக்காரோ, அந்த எல்லைக்குள்ள இருக்கிற ஆபீஸ்லதான் பதிவு பண்ணணும். வண்டி கிடைக்கிறதோ வேற இடம். அம்பாசடர் கல்கத்தா பக்கம் உத்தரபாராவுல ஆச்சு. ஃபியட் பம்பாயில. ஸ்டாண்டர்டு கார் மட்டும் நம்ம வண்டலூர்ல. காசு கட்டி, வருசக் கணக்குல காத்திருந்து, சென்னையிலயோ கோயமுத்தூர்லயோ டீலர்கிட்ட வண்டியை எடுத்தா, அதை ஊருக்கு ஓட்டிக்கிட்டு வரணும். எண் இல்லாம ரோட்டுல ஓட்டக்கூடாது. எண் வாங்கணும்னா ஊருக்கு வந்து பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டணும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஒரு மாசத்து நம்பர்.

இதைக் காரைவிட அதிகமாப் பயன்படுத்தினது சேசிஸ் வண்டிகதான். சேலம் ரோட்டுல நின்னவங்க பார்த்திருப்பீங்க. எண்ணூர்ல இருந்தும் ஓசூர்ல இருந்தும் லேலண்டு சேசிஸ் வரிசையா வரும். என்ஜின், சட்டம், சக்கரம், ஸ்டீயரிங் மட்டும். முன்னாடி கண்ணாடி கிடையாது, கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு வெயில்லயும் மழையிலயும் ஓட்டிக்கிட்டு வருவார். கரூருக்குப் போனா பஸ் பாடி. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போனா லாரி பாடி, ரிக் பாடி. பாடி கட்டி முடிக்க ஒரு மாசம் பத்தாதுன்னுதான், சேசிஸா பாடி கட்டற பட்டறையில நிக்கிற வண்டிக்கு மட்டும் அந்தக் காலத்தை நீட்டிக்கலாம்னு சட்டத்துல ஒரு வாசல் விட்டாங்க.

பலகையோட நிறத்தைப் பத்தி நம்மூர்ல பல பேருக்குக் குழப்பம் இருக்கு. மஞ்சள் பலகையில சிவப்பு எழுத்து இருந்தா அது தற்காலிகப் பதிவு. வண்டி உங்க பேர்ல ஆயாச்சு, நிரந்தர எண் இன்னும் வரலைன்னு அர்த்தம். சிவப்புப் பலகையில வெள்ளை எழுத்து இருந்தா அது டீலரோட வியாபாரச் சான்றிதழ் எண், டி.சி.ன்னு சொல்லுவாங்க. வண்டி இன்னும் கடைக்காரர் கையில இருக்குன்னு அர்த்தம். ஓட்டிப் பார்க்க, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டு போக, ஒரு கிடங்குல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த, இந்த மாதிரி வேலைக்குத்தான் அது. குடும்பத்தோட கோயிலுக்குப் போக இல்லை.

இந்த ரெண்டும் இல்லாம மூணாவது ஒண்ணு சட்டத்துல இல்லாமலே ரொம்ப நாள் ஓடுச்சு. அதுதான் 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்'னு ஒட்டின வண்டி. சில பேர் 'ஏ/எஃப்'னு எழுதுவாங்க. விண்ணப்பம் போட்டாச்சுன்னு அர்த்தமாம். அது நம்பரே இல்லை. ஆயிரம் வண்டியில அதே எழுத்துதான் ஒட்டியிருக்கும்.

தீர்ப்பு இருக்கு, காசு இல்லை

இப்போ இன்சூரன்சுக்கு வருவோம். எண்ணைப் படிச்சாச்சு, ஆளைப் பிடிச்சாச்சு, கோர்ட்டுல ஜெயிச்சாச்சு. அப்புறம்? வண்டிக்காரன்கிட்டக் காசு இல்லைன்னா தீர்ப்பை வெச்சு என்ன பண்றது? 1855-லயே உயிரிழப்பு விபத்துச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. செத்தவனோட குடும்பம் வழக்குப் போடலாம். ஆனா சிவில் கோர்ட்டு, கோர்ட் ஃபீஸ், வக்கீல், வாய்தான்னு அலைஞ்சு கடைசியில கடனாளிகிட்ட டிக்கிரி வாங்கின மாதிரி ஆகும்.

இங்கிலாந்துல 1930-ல ரோட்டுப் போக்குவரத்துச் சட்டம் போட்டு, மூணாவது ஆளுக்கான இன்சூரன்சைக் கட்டாயம் ஆக்கினாங்க. மோட்டார் வெச்சிருக்கவன் முதல் ஆள், கம்பெனி ரெண்டாவது ஆள், அடிபட்டவன் மூணாவது ஆள். தேர்டு பார்ட்டின்னு நாம சொல்றது இந்த மூணாவது ஆளைத்தான். நம்ம 1939 சட்டத்துலயும் எட்டாவது அத்தியாயமா அதை எழுதினாங்க. ஆனா உடனே அமலுக்கு வரலை. நடுவுல ரெண்டாம் உலகப் போர் முழுசும் போயிடுச்சு. 1946 ஜூலை 1-ல தான் கட்டாய இன்சூரன்ஸ் இந்த நாட்டுல நடைமுறைக்கு வந்துச்சு. சுதந்திரத்துக்கு ஒரு வருசத்துக்கு முன்னாடி.

1956-ல சட்டத்தைத் திருத்தி விபத்து வழக்குக்குன்னே தனித் தீர்ப்பாயத்துக்கு வழி பண்ணினாங்க. நம்ம கோர்ட்டு வாசல்ல 'எம்.சி.ஓ.பி. கேஸ்'னு சொல்றாங்களே, அது இந்த வழியில வந்ததுதான். 1988 சட்டம் வந்தப்போ, உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் கம்பெனி கொடுக்க வேண்டிய தொகைக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க. எவ்வளவு தீர்ப்பாகுதோ அவ்வளவையும் கம்பெனி கொடுக்கணும்.

டெம்பரவரி நம்பர் மாதிரியே இன்சூரன்சுலயும் ஒரு டெம்பரவரி இருந்துச்சு. அதுதான் கவர் நோட்டு. கம்ப்யூட்டர் வராத காலத்துல ஏஜெண்டு கையால எழுதிக் கொடுக்கிற சீட்டு. பாலிசி பிராஞ்சு ஆபீஸ்ல டைப் அடிச்சு தபால்ல வர நாளாகும். அதுவரைக்கும் இந்தச் சீட்டுதான் பாதுகாப்பு. 60 நாளைக்குச் செல்லும்னு விதி. 1973-ல பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளை அரசாங்கம் எடுத்து நாலு கம்பெனியா ஆக்குச்சு. அதுல யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையிடம் சென்னை. 2000-க்கு அப்புறம்தான் தனியார் கம்பெனிக மறுபடி வந்துச்சு. அதுவரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதுத்தாப்பல மர நிழல்ல மேசை போட்டு உக்காந்திருந்த ஏஜெண்டுகிட்ட எழுதி வாங்கின கவர் நோட்டோடதான் எல்லாரும் உள்ளே போனது.

அந்தச் சீட்டுல தேதி மட்டும் இல்லை, மணியும் முக்கியம். வண்டி மோதின அன்னைக்கே எடுத்த பாலிசி செல்லுமான்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் சண்டை நடந்திருக்கு. மணி போடாம தேதி மட்டும் இருந்தா அந்த நாள் தொடக்கத்துல இருந்தே செல்லும்னு 1990-ல சொன்னாங்க. மணி போட்டிருந்தா அந்த மணியில இருந்துதான்னு 1997-ல சொன்னாங்க. இன்னைக்குப் பாலிசியில 'இத்தனை மணி முதல்'னு அச்சடிச்சு வருதே, அது சும்மா இல்லைங்க. காசு விசயத்துலயும் அப்படித்தான். பிரீமியம் முன்கூட்டியே போய்ச் சேரணும்னு இன்சூரன்ஸ் சட்டத்துல 64-விபின்னு ஒரு பிரிவு இருக்கு. "அப்புறம் தர்றேன், எழுதி வைங்க"ங்கிற பேச்சு அங்க எடுபடாது.

எண் தெரியாத வண்டி

இப்போ ரெண்டு நூலையும் சேர்த்துப் பாருங்க. அடிபட்டவனுக்கு இன்சூரன்ஸ் பணம் வேணும்னா எந்தக் கம்பெனின்னு தெரியணும். கம்பெனி தெரியணும்னா வண்டி தெரியணும். வண்டி தெரியணும்னா எண் தெரியணும். எண் இல்லாத வண்டிக்கு உள்ளே முழு இன்சூரன்ஸ் பத்திரமே இருந்தாலும், ரோட்டுல கிடக்கிறவனுக்கு அது இல்லாத மாதிரிதான்.

எங்க ஊர்ல 1997 வாக்குல ஒருத்தருக்கு இது நடந்துச்சு. காலையில சொசைட்டிக்குப் பால் கொண்டு போனவர். பொழுது இன்னும் விடியலை. கேனோட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைத் தாண்டறப்ப ஒரு புது வேன் அடிச்சுட்டுப் போயிடுச்சு. பின்னாடி ஓடினவங்க பார்த்தது சாமந்தி மாலையும் 'ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்'ங்கிற ஸ்டிக்கரும்தான். கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சிருச்சு. ரெண்டு எருமையை வித்துத்தான் ஆஸ்பத்திரிக் கணக்கை முடிச்சாங்க. வண்டி கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

இந்த மாதிரி ஆளுகளுக்குன்னு 1982-லதான் சட்டத்துல ஒரு இடம் வந்துச்சு. இடிச்சுட்டு ஓடின வண்டி எதுன்னு தெரியலைன்னா, உயிர் போனதுக்கு 5,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 1,000 ரூபாய்னு வெச்சாங்க. 1988 சட்டத்துல அது 8,500-ம் 2,000-மும் ஆச்சு. 1994-ல 25,000-ம் 12,500-ம் ஆச்சு. அதுக்கப்புறம் இருபத்தெட்டு வருசம் அந்தத் தொகை நகரவே இல்லை. 2022 ஏப்ரல் 1-ல இருந்துதான் உயிருக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000-ன்னு மாத்தினாங்க.

பால்காரருக்கு வந்தது 12,500 ரூபாய்தான். எண் தெரிஞ்சிருந்தா எம்.சி.ஓ.பி. போட்டு, வைத்தியச் செலவு, வேலை இழப்பு, கால் ஊனம்னு கணக்குப் பார்த்து வாங்கியிருக்கலாம். ஒரு ஸ்டிக்கருக்கும் ஒரு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குடும்பத்துக்கு ரெண்டு எருமைங்க. இந்தப் பணத்தைக் கேட்க ஒரு வழி இருக்குன்னே நம்ம பக்கம் பல பேருக்குத் தெரியாது. போலீஸ்ல எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கணும். விசாரிக்கிறது வருவாய்த் துறை அதிகாரி. தொகையை அனுமதிக்கிறது கலெக்டர் மட்டத்துல. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க.

காலாவதியான நம்பர்

எண் இல்லாட்டி நட்டம் அடுத்தவனுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு உச்ச நீதிமன்றத்துல ரெண்டு தீர்ப்பு இருக்கு.

ஒண்ணு 2014-ல வந்தது. புது வண்டிக்கு ஒரு மாசத்துத் தற்காலிகப் பதிவு. அது 2006 ஜனவரி 11-ந் தேதியோட முடிஞ்சிருச்சு. நிரந்தர எண்ணுக்கு விண்ணப்பமே போடலை. பிப்ரவரி 2-ல விபத்து. இன்சூரன்ஸ் நடப்புல இருந்தும், வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதில்லைன்னு தீர்ப்பாச்சு. பதிவு இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டினது சின்னத் தப்பு இல்லை, ஒப்பந்தத்தோட அடிப்படையையே மீறினதுன்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு 2021-ல. 2011-ல வாங்கின புது பொலிரோ. தற்காலிகப் பதிவு ஜூலை 19-ல முடிஞ்சுது. உரிமையாளர் ஜோத்பூருக்குப் போய், தங்குற விடுதி வாசல்ல நிறுத்தியிருக்கார். 28-ந் தேதி ராத்திரி வண்டி களவு போயிடுச்சு. ஒன்பது நாள் வித்தியாசம். கீழ் ஆணையங்கள்ல அவருக்குச் சாதகமா வந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிருச்சு. ஓட்டி இடிக்கக்கூட இல்லை, நிறுத்தின இடத்துல திருட்டுப் போனதுதான். பதிவு இல்லாம அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்ததே தப்புன்னுட்டாங்க. மஞ்சள் பலகையில எழுத்து அழியாம இருக்கலாம். தேதி முடிஞ்சா அது வெறும் தகரம்.

கோயமுத்தூர் டாக்டர் போட்ட வழக்கு

இன்சூரன்சுல கடைசியா வந்த பெரிய மாத்தத்துக்கு நம்ம பக்கத்து ஆள்தான் காரணம். கோயமுத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். ரோடு விபத்துல அடிபட்டு வர்றவங்களுக்கு ஆயுசு பூரா வைத்தியம் பார்த்தவர். 2012-ல உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்குப் போட்டார். அதுல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில ஒரு குழு அமைஞ்சுது. முதல் வருசம் ஷோரூம்ல இன்சூரன்ஸ் போட்டுட்டு, ரெண்டாவது வருசத்துல இருந்து புதுப்பிக்காம ஓட்டற வண்டிக நிறைய இருக்குங்கிறது அங்க பேசப்பட்டது. 2018 ஜூலை 20-ல உத்தரவு வந்துச்சு. 2018 செப்டம்பர் 1-க்கு அப்புறம் விக்கிற புதுக் காருக்கு மூணு வருசம், டூ வீலருக்கு அஞ்சு வருசம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வாங்கும்போதே கட்டிடணும்.

"பில்லுல இன்சூரன்ஸ் இவ்வளவு ஏன்?"னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். 2022 ஜூன்ல அமலுக்கு வந்த கட்டணப்படி, 1000-ல இருந்து 1500 சி.சி. வரைக்கும் உள்ள காருக்குத் தேர்டு பார்ட்டி வருசத்துக்கு 3,416 ரூபாய். புது வண்டிக்கு மூணு வருசத்துக்கும் சேர்த்து 10,640 ரூபாய். இதை அரசாங்கம் நிர்ணயிக்குது, எந்தக் கம்பெனியும் பேரம் பேச முடியாது. பேரம் பேசக்கூடியது, நம்ம வண்டிச் சேதத்துக்கான பகுதியில மட்டும்தான். அது 2007-ல இருந்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூம்லயே போட்டாகணும்னு கட்டாயமும் இல்லை. வெளியில விசாரிச்சுப் போடலாம்.

இன்னொரு விசயம் ரொம்பப் பேர் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா, உங்க கார்ல உக்காந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு அதுல இடம் கிடையாது. ரோட்டுல இருக்கிறவனுக்குத்தான் அது. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிக்கெல்லாம் அஞ்சு வருசம் பம்பர் டு பம்பர் போடணும்னு ஒரு உத்தரவு போட்டு, வண்டிக்குள்ள இருக்கிறவங்களையும் சேர்க்கணும்னாங்க. நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அடுத்த மாசமே திரும்ப வாங்கிட்டாங்க. அதனால அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கு. டிராக்டர் மட்காடு மேல ஆள் ஏத்திக்கிட்டுப் போறதும் இந்தக் கணக்குலதான் வரும். அதுல சீட்டு ஒருத்தருக்குத்தான், டிரைவருக்கு.

மஞ்சள் பலகை குறையுது

2019 ஏப்ரல் 1-ல இருந்து புது வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பலகை கட்டாயம். டீலரே மாட்டிக் கொடுக்கணும். அதே வருசம் திருத்தின சட்டப்படி, அதே மாநிலத்துல பதிவாகிற புது வண்டிக்கு டீலரே விண்ணப்பம் போடணும். எண் பலகை மாட்டாம உரிமையாளர் கையில வண்டியைக் கொடுக்கக்கூடாது. 1939-ல ஓட்டிக்கிட்டு வர வழி இல்லாம கண்டுபிடிச்ச ஒரு மாசத்து நம்பருக்கு, சொந்த மாநிலத்துல வாங்கற காருக்கு இனி பெரிசா வேலை இல்லை. வெளி மாநிலத்துல வாங்கி இங்க கொண்டு வர்றவங்களுக்கும், பாடி கட்டப் போற சேசிஸுக்கும் மட்டும் அது இன்னும் தேவை.

வண்டி எடுக்கப் போறவங்க கடைசியா இதையெல்லாம் பார்த்துக்குங்க.

நம்பர் பலகை மாட்டின அப்புறம் வண்டியை வாங்குங்க. நல்ல நேரம் போகுதுன்னு அவசரப்பட்டா, நல்ல நேரத்தை நம்பர் வர்ற தேதிக்குத் தள்ளி வைங்க.

தற்காலிகப் பதிவுல எடுத்தே ஆகணும்னா, அது முடியற தேதியைப் பேப்பர்ல பார்த்து, வீட்டுக் காலண்டர்ல குறிச்சு வைங்க. அந்தத் தேதிக்குள்ள நிரந்தர எண் வரலைன்னா வண்டியைத் தோட்டத்துச் சாளையிலயே நிறுத்துங்க.

பாலிசியில உங்க பேர், என்ஜின் எண், சேசிஸ் எண், தொடங்கற தேதி, மணி எல்லாம் சரியா இருக்குதான்னு படிங்க. நிரந்தர எண் வந்ததும் அதைப் பாலிசியில ஏத்தச் சொல்லுங்க.

உரிமையாளரே ஓட்டினா அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு இருக்கான்னு பாருங்க. கூட வர்றவங்களுக்கும் சேர்த்துக் கேட்டா போட்டுக் கொடுப்பாங்க. செலவு பெரிசா வராது.

மூணு வருசம் தேர்டு பார்ட்டி இருக்குன்னு, வண்டிச் சேதத்துக்கான பகுதியை மறந்துடாதீங்க. பெரும்பாலும் அது ஒரு வருசத்துக்குத்தான் போட்டிருப்பாங்க.

மாலை போடறப்போ நம்பர் பலகையை மறைக்காம போடுங்க. விடியக் காலையில பால் கேனோட ரோட்டைத் தாண்டறவங்க இன்னும் நம்ம ஊர்ல இருக்காங்க.